ஒரே ரிமோட்டில் இரண்டு பேர்

பழைய வீடியோ கேம்களைப் புதுசாக்கி விடுகிறார்களே, அதில் நான் முடிக்காத கேமே கிடையாது. எல்லாவற்றையும் ஒரு உயிர்கூட விடாமல் முடித்தவன் நான்.

பொய். ஒன்றைக்கூட முடித்ததில்லை. முதல் கட்டத்தில் வரும் பாலத்தைத் தாண்டுவதற்குள் என் ஆள் ஆற்றில் விழுந்துவிடுவான். நான் வேன் ஓட்டுகிறவன். சேலையூர்ப் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மறைமலை நகர் கம்பெனிகளில் இறக்கிவிட்டு, ஷிப்ட் முடிகிறவரைக்கும் வேப்ப மரத்தடியில் வண்டியைப் போட்டுக் காத்திருப்பது என் தொழில். படிப்பு எட்டாவதோடு நின்றது. நின்றது என்று சொன்னால் ஏதோ மரியாதையாக நின்ற மாதிரி இருக்கிறது. துரத்திவிட்டார்கள் என்பதுதான் சரி. தமிழை எழுத்துக்கூட்டி எழுதிவிடுவேன். ஆங்கிலம் என்றால் கடை போர்டும் மருந்துச் சீட்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டும் படம்.

காத்திருக்கிறவனுக்கு போன்தான் துணை. ஸ்டியரிங் மேல் காலைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவன் புதுக் கேமை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆடத் தெரியாதவனுக்குத்தான் குறை சொல்ல நன்றாக வரும். செங்கல் சுவருக்கு நடுவில் ஒரு பறவையை வைத்துக் காப்பாற்றுவோமே, அந்த டேங்க் கேமைப் புதுசாக்கியிருக்கிறார்கள். இப்போது செங்கல் உடைந்தால் தூசு பறக்கிறது. பறக்கிற தூசில் டேங்க் எங்கே என்று ஓட்டுகிறவனுக்கே தெரியவில்லை. தூசு பார்க்க நான் கேம் வாங்க வேண்டுமா, எங்கள் கேம்ப் ரோட்டில் எந்த வாரம் பள்ளம் தோண்டவில்லை? கார் ரேஸைப் புதுசாக்கி, அதில் மழை பெய்ய வைத்து, கண்ணாடியில் வைப்பர் ஆட வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் ஆசையாகப் பார்ப்பேன். என் வேனில் வைப்பர் ஆடாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சிப்பாய் கேம்தான். சட்டை போடாத ஒருத்தன் காட்டுக்குள் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டே சுடுவான். அந்தக் காலத்தில் குண்டு பட்டால் ஒரு சத்தம் வரும், ஆள் மல்லாந்து விழுந்து மறைந்துபோவான், அவ்வளவுதான். புதுசில் சாவதற்கு முன்னால் வசனம் பேசுகிறான். பாக்கெட்டிலிருந்து குடும்பப் படம் எடுத்துப் பார்க்கிறான். சட்டையே போடாதவனுக்குப் பாக்கெட் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் அதுதான் பிடிக்கும். ஏனென்றால் அந்தச் சிப்பாயில் பாதி நான்.

சேலையூரில் ஒரு அண்ணன் தன் வீட்டு முன்னறையில் டிவி வைத்துக் கேம் கடை நடத்தினார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. இரண்டு பேர் இரண்டு ரிமோட் எடுத்தால் இரட்டை வாடகை. ஒரே ரிமோட்டை இரண்டு பேர் பிடித்தால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் யோசித்துவிட்டார்கள். ரிமோட்டின் இடது பக்கத்தை ஒருத்தன் பிடிப்பான். நடப்பது, குனிவது, திரும்புவது எல்லாம் அவன் பொறுப்பு. வலது பக்கத்தை இன்னொருத்தன் பிடிப்பான். சுடுவதும் குதிப்பதும் அவன் பாடு. சிப்பாய் ஒருத்தன்தான், உயிரும் ஒன்றுதான், வாடகையும் ஒன்றுதான்.

நான் எப்போதும் இடது பக்கம். என் வலது பக்கத்தில் பக்கத்துத் தெருக்காரன் ஒருவன். அவன் கட்டை விரல் பட்டனை அடிக்கிற வேகத்தைப் பார்க்க, மற்ற பையன்கள் டிவியை விட்டுவிட்டு ரிமோட்டைப் பார்ப்பார்கள். அவனுக்கு 'கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடத்துகிறவன் என்பதால் எனக்குக் 'கால்'. கையும் காலும் தோளோடு தோள் ஒட்டி உட்காருவோம். பேசவே மாட்டோம். அவன் தோள் கொஞ்சம் மேலே எழும்பினால் குதிக்கப் போகிறான் என்று அர்த்தம். நான் முன்னால் அழுத்திவிடுவேன். செத்த பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

"நீ இன்னாத்துக்குடா முன்னால போன?"

"நீ இன்னாத்துக்குடா குதிச்ச?"

அந்தக் கைதான் பிறகு என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டான். அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். ஐ.டி.ஐ. முடித்து மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் சேர்ந்தான். என் வேனில்தான் வேலைக்குப் போவான்.

பிரஸ் மிஷினுக்கு இரண்டு பட்டன் உண்டு. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே கை இருக்காது. அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் வேகம் வராது. அதனால் சூப்பர்வைசர் ஒரு பட்டனை அழுத்தின வாக்கிலேயே டேப் ஒட்டிவிடச் சொல்வார். பிறகு ஒரு கை தகடு போடும், இன்னொரு கை அடிக்கும். அந்த வரிசையில் எல்லா மிஷினிலும் டேப் இருந்தது. எல்லோரையும்விட வேகம் என் மச்சான்தான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

ஒரு பகல் ஷிப்டில் தகடு போட்ட வலது கை உள்ளே இருக்கும்போதே இடது கை அடித்துவிட்டது. கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் போயின. சாயங்காலம் என் வேனில் அவன் சீட்டு மட்டும் காலியாக வந்தது. டேப்பை யாரும் பார்க்கவில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். அன்றைக்கே எல்லா மிஷினிலும் பிய்த்துவிட்டார்களாம். பிய்த்த பிறகு பார்த்தால் எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வீட்டை விட்டு இறங்கவில்லை. வலது கை மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். டிவி ஓடாது. கம்பெனி ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கேட்டில் உட்கார்ந்து, வண்டி வரும்போது தடுப்புக் கட்டையை ஏற்றி இறக்கும் வேலை. அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அதுவும் வேறு ஆளுக்கு. அவன் போகமாட்டேன் என்றுவிட்டான். ஏன் என்று கேட்டால் துண்டைச் சரிசெய்துகொள்வான்.

தங்கச்சி அவர்கள் வீட்டு மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அந்தாளு வாயத் தொறக்கறதே இல்ல. சோறு வெச்சா, நான் அந்தாண்ட போனாத்தான் துன்றாரு. நீ ஊரையே சிரிக்க வெப்பியே, இங்க வந்து வெய்யேன்."

"நான் போயி சிரிக்க வெச்சா அழுதுருவான்."

"அழுதா அழுட்டும். இன்னாவாச்சும் செஞ்சா சரி. சனிக்கெழம தாண்டிச்சின்னா அப்புறம் ஜென்மத்துக்கும் இப்டியேதான் குந்திகினு இருப்பாரு."

என் வேனில் முன் சீட்டில் ஒரு இன்ஜினியர் சார் வருவார். கல்யாணமாகாத பையன், கேம் பைத்தியம். சிப்பாய் கேமைப் பற்றி அவரோடு பேசிப் பேசித்தான் நான் பெரிய ஆளாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவரிடம் கேட்டேன்.

"சார், ரெண்டு ரிமோட்டு, ஆனா ஆளு ஒண்ணுதான். பாதி நானு, பாதி இன்னொருத்தன். புச்சுல அப்டி ஆட முடியுமா?"

"முடியும்ணா. செட்டிங்ஸ்ல ஒரு ஆப்ஷன் இருக்கு. ரெண்டு கண்ட்ரோலரும் சேர்ந்து ஒரே பிளேயரா வேலை செய்யும்."

"நெசமாவா?"

"நிஜமாத்தான். நான் ஊருக்குப் போறேன், ஒரு வாரம் கேம் பெட்டியை நீங்களே வச்சுக்குங்க. கீழ மட்டும் போட்டுடாதீங்கண்ணா, ப்ளீஸ்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலையூரில் நாங்கள் கண்டுபிடித்த ஆட்டத்தை ஃபாரின்காரன் திருடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான் என்று வேன் முழுக்கச் சொன்னேன். பெருங்களத்தூர் வரைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தேன். பின் சீட்டில் ஒரு அக்கா, "அப்ப உனுக்கு ராயல்டி வரணும்பா, போய் கேளு" என்றார்.

எங்கே அழுத்த வேண்டும் என்பதை இன்ஜினியர் சார் காட்டிக் கொடுத்தார். எனக்குத்தான் படிக்க வராதே, படங்களை மனப்பாடம் செய்துகொண்டேன். முதலில் பல்சக்கரம். அதற்குள் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷன். அவனுக்குள் இரண்டு ரிமோட். கையை விரித்து நிற்கிறவன் ஏதோ சந்தோஷத்தில் டான்ஸ் ஆடுகிறான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியைக் கொண்டுபோய் மச்சான் வீட்டு டிவியில் மாட்டினேன். தங்கச்சி உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். பச்சைக் காடும் ஆறும் திரையில் வந்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஏதோ அசைந்தது.

"நம்ம கேமாடா இது?"

"நம்மளுதேதான். பாரு, வேர்வ வுடறான் பாரு."

"அப்ப நாலு சதுரம்தான் அவன் கையி. இப்ப வெரலு வெரலா வரஞ்சிக்கீறான்."

நான் பல்சக்கரத்தை அழுத்தினேன். பிறகு டான்ஸ் ஆடுகிற மனுஷனை அழுத்தினேன். "இரு மச்சான், ஒரு அதிசயம் காட்றேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு ரிமோட் படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் திரையைப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் படிக்க வரும் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

"இதுல மேல இன்னா எழுதிக்கீது தெரியுமா?"

"ரெண்டு பேரு ஆடறதுன்னு எழுதிருக்கும்."

"மாற்றுத்திறனாளிங்களுக்கு உதவின்னு எழுதிக்கீது."

உள்ளே மிக்சி நின்றது.

"எனுக்கு சத்தியமா தெரியாது மச்சான். எவனோ டான்ஸ் ஆடறான்னுதான் நெனச்சேன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"கம்பெனிக்காரன் கேட்டுல குந்துன்றான். ஆஸ்பத்திரில சர்டிபிகேட் வாங்கிக்கோன்றான். எதுத்த வூட்டம்மா பஸ் பாஸ் குடுப்பாங்களாமேன்னுது. எல்லாரும் என்ன அந்த லிஸ்ட்ல சேத்துட்டீங்க. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சி. பொம்மைலகூட நீ வந்து சேத்துட்ட."

"இது நாம ஆடனதுடா. சேலையூர்ல குந்திகினு."

"அப்ப வாடகை மிச்சம் புடிக்க ஆடனோம். அப்ப எனுக்கு வெரலு இருந்துச்சி. எட்துகினு போ."

எடுத்துக்கொண்டு போகவில்லை. எடுத்தால் சாரின் பெட்டியைப் போட்டு உடைத்திருப்பேன். அப்படியே இறங்கி வந்துவிட்டேன். கேம்ப் ரோட்டுக்கு வந்த பிறகுதான் காலில் இருப்பது தங்கச்சி செருப்பு என்று தெரிந்தது. பூப்போட்ட செருப்பு. அதைப் போட்டுக்கொண்டே பால் பாக்கெட்டும் வாங்கினேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மீதிச் சில்லறையைக் கொடுத்தார். நான் கேவலப்படுவது இந்தப் பக்கத்தில் செய்தியே கிடையாது.

புதன்கிழமை, வேப்ப மரத்தடியில் இருக்கும்போது தங்கச்சி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணா, அவரு அத்த ஆடிகினு கீறாரு."

"எத்த?"

"அந்த சிப்பாய. ஒத்தையா. இடது கையாலயே ரிமோட்ட புடிச்சிகினு நடக்க வெக்கிறாரு. சுடறதில்ல, குதிக்கறதில்ல. அவன் பாட்டுக்கு நேரா நடந்து போறான், எவனோ சுடறான், செத்துப்போறான். மறுபடி நடக்கறான். காலைலருந்து நடந்து நடந்து சாவறான் அண்ணா. எனுக்கு பயமா கீது."

ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்ட கையோடு நேராக அங்கே போனேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சிப்பாய் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தான், காற்று வாங்கப் போகிறவன் மாதிரி. மச்சானின் வலது பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ரிமோட்டை எடுத்தேன். அந்த இரண்டு ரிமோட் படம் ஏற்கனவே அமுக்கி வைத்திருந்தது. நான் அமுக்கவில்லை.

சிப்பாய் நடந்தான். எதிரில் ஒருத்தன் வந்தான். நான் சுட்டேன். குதித்துவிட்டான். ஆற்றில் விழுந்தான்.

மறுபடி ஆரம்பித்தது. சுட வேண்டிய இடத்தில் குதித்தேன், குதிக்க வேண்டிய இடத்தில் எறிகுண்டை என் ஆளின் காலடியிலேயே போட்டேன். அத்தனை வருஷம் அவன் கட்டை விரல் செய்த வேலையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. திரையைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏண்டா," என்றான் கடைசியில், "அது இன்னா வெரலா, வெண்டிக்காயா?"

"பழக்கமில்ல மச்சான். நான் காலு."

"காலால ஆடியிருந்தாகூட இத்தவிட நல்லா ஆடியிருப்ப. அமுக்கி புடிக்காதடா, தூக்கி தூக்கி அடி. தட்டு. இப்டி."

துண்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தான். காற்றில் அடித்துக் காட்டினான், வேகமாக, அந்தப் பழைய வேகத்தில். கட்டை விரல் இருந்த இடத்தில் தோல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. அவன் கண் திரையில் இருந்தது. கை வெளியே வந்தது அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு வாயில் ஒரு ஜோக் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அதை முழுங்கினேன். சமையலறை வாசலில் தங்கச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்டியா?" என்று தட்டினேன்.

"த்தூ. சரி, அப்டித்தான். பாலம் வர்து, பேசாத."

அவன் தோள் என் தோளில் இடித்தது. இப்போது நடத்துகிறவன் அவன், குதிக்கிறவன் நான். எந்தத் தோள் எழும்ப வேண்டும் என்று இரண்டு பேருக்கும் குழப்பம். பாலத்தைத் தாண்டியபோது சத்தம் போடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் கேட்டான், திரையைப் பார்த்துக்கொண்டே.

"அந்த கேட்டுல பட்டன் எந்தப் பக்கம் கீது?"

தினமும் அந்தக் கேட்டு வழியாகத்தான் வண்டியை ஓட்டுகிறேன். "இடது பக்கம்."

"எத்தினி?"

"ஒண்ணுதான். ஏத்தறதுக்கும் அதான், எறக்கறதுக்கும் அதான்."

"ஒரே பட்டன்." கொஞ்ச நேரம் சிப்பாயை நின்ற இடத்திலேயே நிற்க வைத்தான். "அந்த சூப்பர்வைசரு காரு வந்தாலும் நான்தான் ஏத்தணும், இல்ல?"

"ஆமா."

"சலாம் வேற அடிக்கணும்."

"எல்லாரும் அடிக்கிறாங்க."

"எந்தக் கையால அடிக்கிறது?"

அவன் சிப்பாயை நடத்த ஆரம்பித்தான், நான் தட்ட ஆரம்பித்தேன். கொஞ்சம் கழித்து, முழுக்கைச் சட்டை ஏதாவது நல்லதாக இருக்கிறதா என்று உள்ளே பார்த்துக் கேட்டான். தங்கச்சி பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நாள் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கையெழுத்து மாதிரியே இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு மட்டும் நிஜமாகவே வருத்தப்பட்டான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. அவன் வீட்டு வாசலில் வேனைப் போட்டுவிட்டு, அவன் கிளம்புகிறவரைக்கும் போனில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை சாரிடம் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். அதற்குள் இரண்டாவது கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் புதுசாக்கினவன் மூளையைக் காட்டியிருக்கிறான். ஒரு அருவி வரும். பழைய கேமில் அருவிக்கு மேலே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது, அதற்குள் வாடகை நேரம் முடிந்துவிடும். நேற்று கையும் காலும் மாறி மாறி உளறிக்கொண்டே பாதி அருவி ஏறிவிட்டோம். தண்ணீருக்குப் பின்னால் ஒரு கதவு மாதிரி தெரிந்தது. அதைத் திறக்கலாம் என்று நான் போய்

"டேய் காலு, அங்க இன்னாடா நோண்டிகினு கீற? வண்டிய எடு. கேட்டு தொறக்கறவனே லேட்டா போனா எவன்டா தொறப்பான்?"